வரி வடித்த சுவை

ஒரு நாட்டின் உணவையும் குடிவகையையும் அந்நாட்டின் மண்ணும் நீரும் தீர்மானிக்கின்றன என்று பொதுவாக நம்புகிறோம். நிதியமைச்சர்களும் போர்களும் தீர்மானித்த சுவைகளும் உண்டு. இங்கிலாந்தின் 'மைல்ட்' என்னும் கரும்பழுப்பு ஏலும், அதன் நெருங்கிய உறவான 'பிரவுன் ஏல்' வகையும் அத்தகையவை. மூன்று, மூன்றரை விழுக்காடு ஆல்கஹால் மட்டுமே கொண்ட இந்த எளிய பியரின் கதையில் ஒரு நூற்றாண்டு ஆங்கிலேய உழைப்பாளரின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

முதலில் சொல்லைக் கவனிப்போம். இன்று 'மைல்ட்' என்றதும் வீரியம் குறைந்தது என்று பொருள் கொள்கிறோம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. வடித்த சில நாட்களிலேயே விற்பனைக்கு அனுப்பப்பட்ட புதிய பியரே 'மைல்ட்' எனப்பட்டது. பெரும் மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் கிடந்து இளம்புளிப்பு ஏறிய பழைய பியருக்கு 'ஸ்டேல்' என்று பெயர். இன்று ஊசிப்போனதைச் சுட்டும் அச்சொல் அன்று பாராட்டாக இருந்தது; அந்த பியருக்கு விலையும் கூடுதல். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' நம் மொழியில் அடைந்த கதியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். விக்டோரியா காலத்து மைல்ட் பலவும் ஐந்து, ஆறு விழுக்காடு வீரியம் கொண்டவை. அவற்றின் நிறம் கருத்தது அந்நூற்றாண்டின் இறுதியில்தான்.

வீரியம் இறங்கியதற்கான அடித்தளம் ஒரு வரிச்சட்டத்தில் இருக்கிறது. 1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் மீதான பழைய வரியை நீக்கினார். அதற்குப் பதிலாக, நொதிப்பதற்கு முன்னுள்ள இனிப்புச் சாற்றின் அடர்த்தியை அளந்து வரி விதிக்கும் முறை வந்தது. சாறு நீர்த்திருந்தால் வரி குறையும். ஆலைக்காரர்களின் கணக்கேட்டில் இது உடனே பெரிய மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. ஆனால் கதவு திறந்துவிட்டது.

முதல் உலகப்போர் அக்கதவின் வழியே நுழைந்தது. 1914 நவம்பரில் ஒரு பீப்பாய்க்கான வரி 7 ஷில்லிங் 9 பென்சிலிருந்து 23 ஷில்லிங்காக உயர்ந்தது. 1920இல் அது 100 ஷில்லிங்கை எட்டியது. தானியம் ரொட்டிக்குத் தேவைப்பட்டதால் உற்பத்திக்கும் கட்டுப்பாடு வந்தது. வெடிமருந்துத் தொழிலாளர் நிதானத்துடன் வேலைக்கு வரவேண்டும் என்பதற்காக, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பப்கள் திறந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஐந்தரை மணியாகச் சுருக்கப்பட்டது. தண்ணீரின் அடர்த்தியை 1000 என்று கொண்டால், 1914இல் ஏறத்தாழ 1052 ஆக இருந்த பியர்ச்சாற்றின் சராசரி அடர்த்தி போர் முடிந்தபோது 1030 அளவுக்கு வீழ்ந்திருந்தது. பின்னர் ஓரளவு ஏறினாலும் பழைய உயரத்தை அது மீண்டும் தொடவில்லை. போர்க்காலப் பற்றாக்குறை இவ்வாறு ஒரு மரபாக நிலைபெற்றது.

பிரவுன் ஏல் புட்டியில் வளர்ந்த பிள்ளை. கிழக்கு லண்டனின் மான், கிராஸ்மன் அண்ட் பாலின் ஆலை 1902இல் தன் இனிப்பான பழுப்பு ஏலை வெளியிட்டது. 2.8 விழுக்காட்டில் பல்லாண்டுகள் விற்பனையான பியர் அது. 1927இல் வந்த நியூகாசில் பிரவுன் ஏல் இதைவிட வீரியமும் வறட்சியும் மிக்க வடநாட்டு வகை. பப்பில் பீப்பாய் மைல்ட் அரைக்குவளை வாங்கி, ஒரு புட்டி பிரவுன் ஏலை அதன்மேல் ஊற்றிக் குடிப்பதும் வழக்கமாயிற்று. பீப்பாயின் நிலை ஐயத்துக்குரியதாக இருந்தாலும் புட்டியின் நுரை அதற்கு உயிரூட்டும் என்பது குடிப்போரின் நம்பிக்கை.

சுரங்கத்திலும் உலைக்கூடத்திலும் வியர்வை சிந்தியவர்களுக்கு மைல்ட் பொருத்தமான பானமாக இருந்தது. மலிவானது, இனிப்பானது, மூன்று நான்கு குவளை குடித்தாலும் மறுநாள் வேலைக்கு எழ முடியும். அந்தப் பொருத்தமே பிற்காலத்தில் அதற்குப் பகையாயிற்று. 1960களில் பிட்டர் வகை அதனை முந்தியது. அடுத்து லாகர் வந்தது. இளைய தலைமுறைக்கு மைல்ட் தந்தையரின் தொப்பியையும் வறுமையையும் நினைவூட்டியது. வழிந்த பியரை எல்லாம் கருநிறத்தின் மறைவில் அதிலேயே கொட்டுகிறார்கள் என்ற ஐயமும் பரவியது. ஆலைகள் மூடப்பட, அவற்றை அண்டியிருந்த பப்களோடு மைல்டும் மறைந்தது.

மீட்சிக்கு 1971இல் தோன்றிய 'காம்ரா' என்னும் நுகர்வோர் இயக்கம் குரல் கொடுத்தது. மே மாதத்தை மைல்டுக்கென ஒதுக்கியது அவ்வியக்கமே. 2002இல் மீண்டும் ஒரு வரிச்சட்டம் திருப்பம் தந்தது: ஆண்டுக்கு 5 லட்சம் லிட்டருக்கு மிகாமல் வடிக்கும் சிற்றாலைகளுக்கு வரி பாதியாயிற்று. ஷ்ராப்ஷயர் சிற்றூர் ஒன்றில் 1993இல் தொடங்கிய ஹாப்சன்ஸ் ஆலையின் மைல்ட், வெறும் 3.2 விழுக்காட்டுடன், 2007இல் பிரிட்டனின் தலைசிறந்த பியராகத் தேர்வு பெற்றது. 2023 ஆகஸ்டிலிருந்து 3.5 விழுக்காட்டுக்குக் குறைந்த பியர்களுக்குத் தனிச்சலுகையும் உண்டு.

இத்தகைய ஏலைச் சுவைக்கும்போது நாம் முதலில் உணர்வது அதன் உடற்கட்டு. ஆல்கஹால் குறைந்தும் அது தண்ணீராகத் தோன்றுவதில்லை. ஊறவைக்கும் வெப்பத்தைச் சற்றே உயர்த்தினால், ஈஸ்ட் உண்ண முடியாத சர்க்கரைகள் சாற்றில் எஞ்சி நாவில் கனம் தருகின்றன. வறுத்த மால்ட் ரொட்டியோட்டின் மணத்தையும், காபி, பனைவெல்லம் போன்ற சாயலையும் சேர்க்கிறது. ஹாப்ஸின் கசப்பு அடங்கியே நிற்கிறது. பனிபோல் குளிர்வித்தால் இவை யாவும் ஊமையாகிவிடும். நிலவறையின் 12 பாகை வெப்பமே ஏற்றது.

வீரியமான பியரில் சிறு பிழைகள் ஆல்கஹாலின் சூட்டிலும் ஹாப்ஸின் கசப்பிலும் மறைந்துபோகும். மைல்டுக்கு அந்த மறைவிடம் இல்லை. அதை வடிக்கும் சிற்றாலைக்கு உழைப்பும் அடுப்பும் தொட்டியும் அதே அளவே தேவை. விலையை மட்டும் உயர்த்த முடிவதில்லை; வீரியத்தைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் குடிப்போரிடம் இன்றும் இருக்கிறது. ஆகவே, சட்டம் உருவாக்கிய இச்சுவை இனி நிலைக்குமா என்பது சட்டத்தைவிட, குறைவீரியத்தையும் ஒரு கைத்திறனாக மதித்து அதற்குரிய விலையைத் தர நாம் இசைகிறோமா என்பதையே சார்ந்திருக்கிறது.