சிறுபான்மைத் தாக்கம்

எண்ணிக்கையிலோ அதிகாரத்திலோ குறைந்த சிலர், பெரும்பான்மையோரின் கருத்தையும் வழக்கத்தையும் நாளடைவில் மாற்றிவிடுவதைச் சமூக உளவியல் ‘சிறுபான்மைத் தாக்கம்’ என்கிறது.

ஊரோடு ஒத்து வாழ்வது எப்படி என்பதையே உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் தவறான விடையைச் சொன்னால், கண்ணெதிரே இருப்பதைக்கூட மறுத்துப் பேசுவோர் உண்டு என்று 1950களில் சாலமன் ஆஷ் காட்டினார். கேள்வியைத் திருப்பிப் போட்டவர் ருமேனியாவில் பிறந்த பிரெஞ்சு அறிஞர் செர்ஜ் மாஸ்கோவிச்சி. 1969-இல் வெளியான அவரது சோதனையில் குழுவுக்கு ஆறு பேர். அவர்களில் இருவர் ஆய்வாளர் முன்பே ஏற்பாடு செய்த ஆட்கள். நீலப் படத்தை அந்த இருவரும் ஒவ்வொரு முறையும் ‘பச்சை’ என்றபோது, மற்றவர்களின் விடைகளில் 8.42 விழுக்காடு பச்சையாயிற்று. அந்த இருவர் மாற்றி மாற்றிச் சொன்னபோது அது 1.25 விழுக்காடாகச் சுருங்கியது. சொன்னதையே விடாமல் சொல்லும் உறுதிதான் சிறுபான்மையின் பலம் என்றார் மாஸ்கோவிச்சி.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய சான்று சுயமரியாதைத் திருமணம். நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகள் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. வானம் பார்த்த இந்தச் சீமையில், அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில், 1928 மே 28 அன்று சுயமரியாதை இயக்கத் தலைவர் ஈ.வெ. ராமசாமி (பெரியார்) முன்னின்று நடத்திய மணமே முதல் சுயமரியாதைத் திருமணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ‘முதல்’ என்பதை இயக்க அளவில் கொள்வதே பொருத்தம். பிராமணப் புரோகிதர் இல்லாத மணங்களை மகாராட்டிரத்தில் ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜம் 1873-லேயே தொடங்கிவிட்டது.

சுயமரியாதை மணங்களில் புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. வேண்டுமென்றே இராகுகாலத்தில் நடந்தவையும் உண்டு. கைம்பெண் மணமும் சாதி மறுப்பு மணமும் இம்முறையில் நடந்தன. பொதுக்கூட்டத்தைப் போல ஒருவர் தலைவரை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிவார், பிறகு சொற்பொழிவுகள். அத்தனையும் முடியும்வரை மணமக்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். இயக்கத்தின் ‘குடி அரசு’ இதழ் இத்தகைய மணச் செய்திகளை வெளியிட்டு வந்ததால், ஓரூரில் நடந்தது பல ஊர்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1931-இல் மூன்றாவது மாகாண சுயமரியாதை மாநாடு அதே இராமநாதபுரம் மாவட்டத்து விருதுநகரில் கூடியது.

முதலில் நம்பிக்கையைச் சம்பாதித்தவருக்கே மாறுபடும் உரிமையைக் குழு தருகிறது என்று உளவியலாளர் எட்வின் ஹாலண்டர் 1958-இல் எழுதினார். இதற்குப் பொருந்துபவராக டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனைச் சொல்லலாம். ஒருகாலத்தில் கோயில் நுழைவு மறுக்கப்பட்ட நாடார் சமூகத்தின் தலைவர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டின் தலைவரும் அவரே. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். அங்கே செல்வாக்கோடு அதிகாரமும் கைகொடுத்தது என்பதால், தூய சிறுபான்மைத் தாக்கமாக அதைக் கொள்வதில் தயக்கம் எழலாம்.

சட்டம் மெதுவாகவே வந்தது. சாத்திரமும் இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை என்று கூறி, 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மணம் ஒன்றை ஏற்க மறுத்தது. முதலமைச்சர் அண்ணாதுரையின் தி.மு.க. அரசு 1967-இல் கொண்டுவந்த திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. முன்பு நடந்த மணங்களும் அதனால் செல்லுபடியாயின. மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிக்கலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலியும் கட்டலாம். பல கிளர்ச்சியாளர்கள் விட்டொழித்த தாலிக்கும் அதில் இடம் கிடைத்தது. கொள்கை நீர்த்ததா, அல்லது சிறுபான்மையின் வெற்றிக்கு வேண்டிய நெகிழ்வு இதுதானா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. பெரும்பான்மை பெற்ற கட்சி இயற்றிய சட்டத்தைச் சிறுபான்மைத் தாக்கத்தின் கணக்கில் எழுதலாமா என்றும் கேட்கலாம்.

ஆய்வுலகில் மாஸ்கோவிச்சி 1980-இல் முன்வைத்த மனமாற்றக் கோட்பாடு குறிப்பிடத்தக்கது: பெரும்பான்மைக்கு மக்கள் வெளியே தலையாட்டுவார்கள், சிறுபான்மையோ உள்ளுக்குள் யோசிக்க வைக்கும். பிற்காலச் சோதனைகள் இதை ஓரளவே உறுதிப்படுத்தின.

சட்டத்தின் பக்கமோ, 7-ஏ பிரிவின்படி நடக்கும் சுயமரியாதை மணத்துக்குப் பொது அறிவிப்பு கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.