விண்வழி வந்த பாடம்: 1975–76ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிச் சோதனையில் படமும் சொல்லும்

காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் அளவைகளாகக் கொள்வது சைவ சித்தாந்த நூலோர் மரபு. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளுள்ளும் காண்டலும் கருதலுமே முன்னிற்கின்றன. அறிவியல் கற்பித்தல் பற்றி எழுதப் புகும் எமக்கு இப்பழம் பாகுபாடு பெரிதும் துணைசெய்கின்றது. பல்லூடகக் கல்வி என இக்காலத்தார் வழங்குவது, காட்சியையும் உரையையும் ஒருங்கே மாணாக்கன்முன் நிறுத்தி, அவ்விரண்டன் கூட்டத்தால் கருதல் தானே பிறக்கும் என எதிர்பார்க்கும் முறையேயாகும். அவ்வெதிர்பார்ப்பு எவ்வளவு நிறைவேறிற்று என்பதை ஒரு வரலாற்று நிகழ்ச்சியின்கண் வைத்து ஈண்டு ஆராய்வோம்.

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 முதல் 1976ஆம் ஆண்டு ஜூலை 31 முடிய ஓராண்டுக் காலம், அமெரிக்க நாட்டு ஏ.டி.எஸ்.–6 என்னும் துணைக்கோளின் வாயிலாக இந்தியச் சிற்றூர்கள் ஏறத்தாழ 2,400க்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நேரே அனுப்பப்பட்டன. ஆந்திரப் பிரதேசம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசத்தான் என்னும் ஆறு மாநிலங்களில் அவ்வூர்கள் பரவியிருந்தன. ‘சைட்’ என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் இச்சோதனையைப் பொறியியலின் வெற்றியாகப் போற்றி எழுதினோர் பலர். அவ்வெற்றியை யாம் மறுக்கவில்லை. ஆயினும், அச்சோதனை மாணாக்கரிடத்து விட்டுச்சென்ற பயன் படத்தின் பாற்பட்டதினும் சொல்லின் பாற்பட்டதே மிகுதி என்பது எம் கருத்து.

படத்தால் பாடம் புகட்டும் எண்ணம் புதியதன்று. கொமேனியசு என்னும் செக் நாட்டு அறிஞர் 1658இல் நூரம்பர்க்கு நகரில் வெளிவந்த தம் படநூலில், படத்தின் உறுப்புகட்கு எண்ணிட்டு, அவ்வெண்களையே இலத்தீனிலும் செருமானியத்திலும் அமைந்த சொற்களுக்கும் இட்டார். படமும் சொல்லும் எண்ணால் பிணைக்கப்பட்ட அம்முறை இன்றைய உயிரியற் பாடநூல்வரை மாறாது வருகின்றது. பின்னாளில் இயங்குபடம் தோன்றியபோது எடிசன் வேறு வகையாக எண்ணினார். பள்ளிகளில் நூல்கள் விரைவில் வழக்கொழியும் என்றும், மனித அறிவின் எல்லாத் துறைகளையும் இயங்குபடத்தாலேயே கற்பிக்கலாகும் என்றும் 1913இல் அவர் உரைத்தார். நூல்கள் வழக்கொழியவில்லை என்பதை இந்நூற்றாண்டு மாணாக்கரின் பைகளைத் தூக்கிப் பார்த்தோர் அறிவர். சொல்லைப் படத்தோடு பிணைத்தவர் கொமேனியசு. படம் வந்தபின் சொல் மிகையென எண்ணியவர் எடிசன். இவ்விரு கொள்கைகளுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கே பின்வந்த முயற்சிகள் அனைத்திலும் தொடர்வதைக் காண்கின்றோம்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. 1961இல் போர்டு அறநிறுவனத்தின் துணையோடு தில்லி உயர்நிலைப் பள்ளிகட்குப் பாட ஒளிபரப்பு எழுந்தது. ஆய்வுக்கூடமும் கருவிகளும் தேர்ந்த அறிவியல் ஆசிரியரும் போதாமையே அதற்குக் காரணம். ஆகவே, இல்லாத ஆய்வுக்கூடத்திற்கு மாற்றாகத் திரை வந்தது என்க. நகரப் பள்ளிக்கே இந்நிலை எனின், சிற்றூர்ப் பள்ளியின் நிலையை விரித்தல் வேண்டா.

சிற்றூரை எட்டும் வழியை எண்ணியவர் விக்கிரம் சாராபாய். 1969ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய அணுவாற்றல் துறைக்கும் அமெரிக்க விண்வெளி அமைப்பாகிய நாசாவிற்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. துணைக்கோள் அவர்களுடையது, நிலத்தில் அமையும் கருவிகளும் நிகழ்ச்சிகளும் நம்முடையவை. சாராபாய் 1971ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தமையின், தாம் வித்திட்டதன் விளைவை அவர் காணவில்லை. 1974ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ஏவப்பட்ட அத்துணைக்கோள், குடைபோல் விரியும் 9 மீட்டர் அகல அலைவாங்கியை உடையது. அதன் ஆற்றல் மிகுதியால் நிலத்தில் சிறிய அலைவாங்கியே போதுமாயிற்று. கோழிக்கூட்டிற்குப் பயன்படும் கம்பிவலையால் 3 மீட்டர் அகலத்தில் அதனைச் சமைத்துச் சிற்றூர்ப் பள்ளியிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ நாட்டினர். (கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் இல்லத்திலும் இந்திய விண்வெளித் துறையினர் ஓர் அலைவாங்கியை நிறுவித் தந்தனர். துணைக்கோள்வழி ஒளிபரப்பு இயலும் என்பதற்கு அடிகோலிய கட்டுரையை 1945இல் எழுதியவர் அவராதலின், அஃது உரியவர்க்குச் செய்த சிறப்பு எனலாம்.)

காலை நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் நிகழ்ந்தது. 5 முதல் 12 அகவைக்குட்பட்ட பள்ளிச் சிறார்க்கு உரிய அதனை, இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்னும் நான்கு மொழிகட்கும் இருபத்திரண்டரை நிமிடமாகப் பகிர்ந்தனர். அறிவியற் கல்விப் படங்களை உருவாக்கும் பொறுப்பில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி அமைப்பின் பம்பாய்ப் படப்பிடிப்பு நிலையம் பெரும்பங்கு கொண்டது. அண்டக்கதிர் ஆராய்ச்சியில் தேர்ந்த இயற்பியலாராகிய யஷ்பால் அப்போது அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்தார்.

அந்நான்கு மொழிகளுள் தமிழ் இல்லை. ஆறு மாநிலங்களுள் தமிழகமும் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதே 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிற்று எனினும், அதன் ஒளிபரப்பு நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கடந்து செல்லவில்லை. இதனால் தமிழுக்கு நேர்ந்த இழப்பு யாதென வினவுவார்க்கு விடை கூறவே, துணைக்கோளின் அமைப்பில் ஒரு கூற்றைச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

ஏ.டி.எஸ்.–6 வாயிலாக ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களை அனுப்ப இயலும். அஃதாவது, படம் ஒன்றாக நிற்க, அதன்மேல் இரு மொழிகள் தனித்தனியே இயங்கலாம். பொறியியலார் நோக்கில் இது சிக்கனம். மொழி நூலார் நோக்கிலோ, இஃது ஒரு கொள்கையை உட்கொண்ட அமைப்பு. படம் எம்மொழிக்கும் பொது. சொல் அதன்மேற் போர்த்தும் ஆடை. வேண்டுழி மாற்றிக்கொள்ளலாம் என்பதே அக்கொள்கை. இது பொருந்துமா?

மட்பாண்டத்து நீர் ஏன் குளிர்கின்றது என்னும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பானையின் புறத்தே ஈரம் கசிதலைப் படம் காட்டும். ஈரம் நீங்குங்கால் வெப்பத்தை உடன்கொண்டு செல்லுதலை எப்படமும் காட்டாது. நீர்த்துகள்களைப் புள்ளிகளாக வரைந்து ஓடவிடலாம் எனின், அப்புள்ளி நீர்த்துகளைக் குறிக்கும் என்பதையும் சொல்லே உணர்த்த வேண்டும். இனி, அச்சொல் யாது? தமிழ்ச் சிறுவன் வாயில் துணி உலர்கிறது, குளம் வற்றுகிறது, குழம்பு சுண்டுகிறது, மெழுகிய தரை காய்கிறது. இயற்பியலார்க்கு ஒன்றாகிய நிகழ்ச்சி அவனுக்கு நான்காக உள்ளது. அறிவியல் பாடம் செய்ய வேண்டிய முதற் பணி, அந்நான்கும் ஒன்றே என அவன் வியந்து ஒப்பும்படி செய்தல். ‘ஆவியாதல்’ என்னும் கலைச்சொல்லை எடுத்தவுடன் கூறிவிட்டால் அப்பணி நிறைவேறாது. ஆவி என்பது அவனுக்கு உயிர், மூச்சு, அன்றேல் இட்டலிப் பானையின் மூடியைத் திறந்தால் எழும் வெண்புகை. குளிர்ந்த பானைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என அவன் மயங்குவான். அன்றியும், அவ்வெண்புகை குளிர்ந்து திரண்ட நுண்துளிகளேயன்றி நீராவி அன்று. உண்மையான நீராவி கண்ணுக்குப் புலனாகாதது. ஆகவே, கொதிக்கும் கலத்தைப் படம்பிடித்து ‘இதுவே நீராவி’ என உரைக்கும் பாடம், காட்சியையும் உரையையும் ஒருங்கே பிழைபடுத்துகின்றது. வற்றலும் சுண்டலும் வேறு வேறாக வழங்கும் மொழிக்கு அமைந்த பாடத்தில், குளத்தையும் அடுப்பையும் அடுத்தடுத்துக் காட்டல் வேண்டும். அவ்வேறுபாடு இல்லாத மொழிக்கு அது வேண்டுவதில்லை. படத்தின் வைப்பு முறையையே சொல் ஆள்கின்றது என்பது இதனால் போதரும்.

மாலை நிகழ்ச்சியில் அரைமணி நேரம் எல்லா மாநிலங்கட்கும் பொதுவாக இந்தியில் அமைந்தது. அம்மொழி அறியாத ஊரினர்க்கு அப்பொழுது படம் மட்டுமே எஞ்சியிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

அச்சோதனையின் சிறந்த பகுதி என யாம் மதிப்பது சிறார் நிகழ்ச்சியன்று; ஆசிரியர் பயிற்சியே. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு தொடக்கப் பள்ளி ஆசிரியர்கட்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் 12 நாட் பயிற்சி ஒன்றை அமைத்தது. பல்லூடகத் தொகுதி என்னும் பெயர் அதற்கே வழங்கிற்று. காலத்தால் முற்பட்ட அப்பெயர் வழக்கு இன்று கணிப்பொறியோடு மட்டும் தொடர்புபடுத்தப்படுதல் வியப்பே. அத்தொகுதியில் தொலைக்காட்சியும் வானொலியும் அச்சிட்ட செயல்நூலும் இருந்தன. அவற்றோடு ஒவ்வொரு மையத்திலும் உடனிருந்து வழிநடத்தும் ஒருவரும் இருந்தார். ஆசிரியர் படத்தைக் கண்டனர். பின்னர்த் தம் கையால் செய்து பார்த்தனர். எழுந்த ஐயங்களைக் கூடிப் பேசினர். 1975ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு பிரிவும் 1976ஆம் ஆண்டுக் கோடையில் மற்றொரு பிரிவுமாக ஏறத்தாழ 48,000 ஆசிரியர் இவ்வாறு பயின்றனர்.

நன்னூற் பொதுப்பாயிரம் பாடங் கேட்டலின் வரலாறு கூறுமிடத்து, ஆசான் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு நிரம்பும் என்றும், எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு விரித்துரைத்தலால் எய்தும் என்றும் கணக்கிடுகின்றது. இக்கணக்கைத் தொலைக்காட்சிக்கு ஏற்றிப் பார்த்தால், திரை எவ்வளவு திறம்பட இயங்கினும் முதற் காற்கூற்றையே தர வல்லது. ஆசிரியர் பயிற்சித் தொகுதி ஏனைய முக்காற் கூற்றுக்கும் இடம் வகுத்தது. சிறார் நிகழ்ச்சிக்கோ, இருபத்திரண்டரை நிமிடம் முடிந்தபின் வகுப்பாசிரியர் வினவினால் உண்டு; இன்றேல் இல்லை.

மதிப்பீட்டாளர் கண்ட முடிபும் இதற்கு அரண்செய்கின்றது. நிகழ்ச்சிகளைக் கண்ட சிறாரிடத்து மொழி வளர்ச்சியும், செய்திகளைப் பல வாயில்களினின்றும் அறிய விழையும் ஆர்வமும் மிக்கிருந்தன. பாடங்களில் பெற்ற அடைவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதனைக் குறையாகக் கொண்டு வருந்தினோர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. விண்ணினின்று படத்தை இறக்கினர். சிறார் அதனினின்று சொல்லை எடுத்துக்கொண்டனர். கண்டதைக் கூறுதற்குச் சொல் தேடிய முயற்சியிலேயே கருதல் அரும்பத் தொடங்குகின்றது. அரும்பியதை வளர்க்க வேண்டியவர் வகுப்பாசிரியரே.

இதனோடு ஒப்பிடத்தக்கது மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத்து மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியற் கல்வி முயற்சி. ஆங்குத் திரை இல்லை. மாணாக்கர் குழுவாக அமர்ந்து எளிய பொருள்களால் தாமே சோதனை செய்து, கண்டதைத் தம் சொல்லால் எழுதினர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன அறிவியலாரும் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் அதற்குத் துணைநின்றனர். முப்பதாண்டு நிகழ்ந்த அம்முயற்சியை 2002இல் மாநில அரசு நிறுத்திற்று. சைட் ஓராண்டில் முடிந்தது. ஒன்று பரப்பால் பெரிது. மற்றது ஆழத்தால் பெரிது. இரண்டையும் ஓரிடத்தே கூட்டும் அரிய வாய்ப்பு ஆசிரியர் பயிற்சித் தொகுதியில் சிறிது தலைகாட்டி மறைந்தது என்றே கூறவேண்டும்.

1976ஆம் ஆண்டு ஜூலைக்குப் பின் துணைக்கோள் அமெரிக்கர்க்கு மீண்டது. 1977 முதல் நிலத்து ஒளிபரப்பு நிலையங்களால் அச்சிற்றூர்களுள் ஒரு பகுதிக்கே நிகழ்ச்சிகள் கிட்டின. 1983இல் ஏவப்பட்ட இன்சாட்–1பி, 2004இல் ஏவப்பட்ட எடுசாட் என்பன அவ்வழியைத் தொடர்ந்தன. இவை பற்றி விரிக்கின் பெருகும்.

தமிழகத்துப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் அதன்வழிப் பாடங்கள் வீடுகளை எட்டின. 1975இல் தமிழுக்கு வாய்க்காத தேர்வு இவ்வாறு நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து வாய்த்தது. அப்பாடங்களின் படங்களை ஆராய்தற்குக் கல்வியியலார் உளர். அவற்றின் உரைப்பகுதி தமிழ்த்துறை ஆய்வாளர்க்கு உரியது. ஈரத்துணி திரையில் உலரும்போது உரைப்போர் ‘உலர்கிறது’ எனத் தொடங்கி ‘ஆவியாகிறது’ என்பதற்குச் செல்கின்றனரா, அன்றி எடுத்த எடுப்பில் கலைச்சொல்லையே கூறுகின்றனரா? வற்றலும் சுண்டலும் காய்தலும் அப்பாடத்துள் எவ்விடத்தேனும் ஒருங்கு வைக்கப்பட்டுள்ளனவா? வகுப்புதோறும் உரைப்பகுதியை எழுதியெடுத்து, சொல்லும் படமும் முன்பின்னாக வரும் நிரலைக் குறித்து அட்டவணைப்படுத்தின், இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்.