பனிக்காலத்தில் உருளும் வீடு

வீடு என்றால் நிற்பது; வண்டி என்றால் ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு நெடுநாளாக உண்டு. கோடையில் அந்த ஆசை எளிதில் நிறைவேறியது. தலைக்கு மேல் கூரையும் படுக்க ஒரு பலகையும் போதுமானவையாக இருந்தன. ஆனால் நீர் உறைந்து கல்லாகும் குளிர்காலத்தில், மனைவி மக்களோடு ஓர் இரவை வண்டிக்குள் நலமாகக் கழிப்பது எப்படி? இதற்கு விடை காண ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனிக்காலப் பயணத்திற்கென வீட்டுவண்டி வாங்க நினைக்கும் ஒரு குடும்பம் கேட்கவேண்டிய கேள்விகள் யாவும் அந்த நூற்றாண்டு வரலாற்றிலேயே அடங்கியுள்ளன. அதைச் சற்றுக் காண்போம்.

கணப்பும் புகைபோக்கியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த ரோமானி நாடோடி மக்கள், கூடாரங்களை விட்டுக் குதிரை இழுக்கும் மரவண்டிகளில் குடியேறத் தொடங்கினர். ‘வார்டோ’ எனப்படும் இவ்வண்டியின் வாசல் முன்புறம் இருக்கும். உள்ளே நுழைந்ததும் இடக்கைப் பக்கம் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு. அது ஏன் இடக்கைப் பக்கம்? நுழைபவருக்கு இடப்பக்கம் என்பது, வண்டி ஓடும் திசைக்கு வலப்பக்கம் அல்லவா? நம் நாட்டைப் போலவே இங்கிலாந்திலும் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஆகவே கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த புகைபோக்கி, சாலையோர மரக்கிளைகளில் இடிபடாமல் தப்பியது. குளிர்கால வாழ்வு வண்டியின் அமைப்பையே முடிவுசெய்ததற்கு இது ஓர் அழகிய சான்று.

ஆட்டிடையர்களும் சக்கரக் குடில்கள் வைத்திருந்தனர். ஆடுகள் குட்டி ஈனும் குளிர்நாட்களில் இரவெல்லாம் மந்தையருகே தங்குவதற்காக அவற்றிலும் ஒரு சிறு அடுப்பு இருக்கும்.

இன்பப் பயணத்திற்கென்றே வண்டி செய்வித்துக்கொண்டவர்களில் முன்னோடி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடற்படை மருத்துவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். 1885இல் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலை ஒன்று அவருக்காக மஹாகனி மரத்தில் ‘வாண்டரர்’ என்ற வண்டியைக் கட்டித் தந்தது. அதன் எடை ஏறத்தாழ 2 டன்! இரு குதிரைகள் அதை இழுத்தன. ஆயினும் அவர் புறப்பட்டது கோடையில்தான் என்பது கவனிக்கத்தக்கது.

மோட்டார் வந்தபின்

முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல், பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் நிறுவனம் மோட்டார் கார் இழுத்துச் செல்லும் கேரவன்களைச் செய்யத் தொடங்கியது. ஜெர்மனியில் இந்த வண்டி பிறந்த கதை சுவையானது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள இஸ்னி என்ற ஊரில் குதிரைச் சவுக்குகளும் பனிச்சறுக்குக் கோல்களும் செய்துவந்தது ஒரு குடும்பம். அதைச் சேர்ந்த அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் வியாபாரத்திற்காக நெடுந்தொலைவு அலையவேண்டியிருந்தது. அவரை மணக்கவிருந்த ஃப்ரிடல் எடெல்மன் ஓர் ஓவியர். பிரிந்திருக்க மனமில்லாமல், இருவரும் சேர்ந்து பயணம் செய்யவும் தாம் ஓவியம் தீட்டவும் ஏற்ற ஒரு வண்டி வேண்டும் என்றார். 1931இல் அரிஸ்ட் தம் கையாலேயே அதைச் செய்து முடித்தார்.

அமெரிக்காவில் 1936இல் வாலி பயம் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ வண்டியை வெளியிட்டார். அலுமினியத் தகடுகளை ஆணி அறைந்து இணைத்த, விமானம் போன்ற வழவழப்பான உடல், நால்வர் உறங்க இடம், சொந்த நீர்த்தொட்டி. சுவருக்குள் வெப்பம் காக்கும் பொருளும் இருந்தது. வீட்டுவண்டியின் வரலாற்றில் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் அலுமினியம் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும் உலோகம். நுரைப் பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் அதன் கடத்துதிறன் பல ஆயிரம் மடங்கு அதிகம். வெளித்தகட்டையும் உள்தகட்டையும் இணைக்கும் உலோகச் சட்டம் ஒவ்வொன்றும் வெப்பம் வெளியே ஓடுவதற்குப் போட்ட பாலமாகிவிடுகிறது. இந்நிலையில் பெரிய அடுப்பை வைப்பது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

1950களில் புகழ்பெற்ற வோல்க்ஸ்வேகன் வேன் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அதன் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது. எஞ்சின் சூட்டில் வெதுவெதுப்பான காற்றே உள்ளே வந்தது. எஞ்சினை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஓடும்போது கிடைக்கும் வெப்பம் வேறு, உறங்கும்போது தேவைப்படும் வெப்பம் வேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

அயோவா மாநிலத்தின் வின்னெபேகோ நிறுவனம் 1966இல் மோட்டார் வீடுகளைச் செய்யத் தொடங்கியது. வெளியே அலுமினியத் தகடு, நடுவில் நுரைப் பிளாஸ்டிக், உள்ளே மரப்பலகை என மூன்றையும் ஒட்டிய சுவர்களை அது பயன்படுத்தியது. சுவர் இலேசானது, வெப்பமும் எளிதில் தப்பாது. ஸ்வீடனில் 1957இல் தோன்றிய காபே நிறுவனம், குளிர் மிகுந்த வடநாட்டிற்கேற்ப, வெந்நீர்க் குழாய்களைச் சுவரோரம் செலுத்தி அறையைச் சூடேற்றும் முறையைக் கேரவன்களுக்குக் கொண்டுவந்தது.

இடுக்கு அடைந்தது, ஆபத்து நுழைந்தது

பழைய மரவண்டிகளில் இடுக்குகள் ஏராளம். அவற்றின் வழியே குளிர்காற்று நுழைந்தது. ஆனால் அதே காற்றுதான் உள்ளே இருந்தோரின் உயிரையும் காத்தது! இடுக்குகளை அடைத்தபின் இரு புதிய தொல்லைகள் தோன்றின.

முதலாவது, ஈரம். 1 கிலோ புரொப்பேன் வாயு எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. உறங்குவோரின் மூச்சிலிருந்தும் உடலிலிருந்தும் வெளிப்படும் ஈரம் வேறு. இது குளிர்ந்த சன்னலிலும் மூலைகளிலும் நீராகப் படிந்து, மரச்சட்டத்தை இற்றுப்போகச் செய்யும்.

இரண்டாவது, உயிருக்கே உலைவைப்பது. போதிய காற்றின்றி எரிபொருள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வளி ஏறவேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். உறங்குபவர் உறக்கத்திலேயே மயங்கிவிடுவார். எழுந்து கதவைத் திறக்கும் வாய்ப்புக்கூட இராது. மூடிய வண்டிக்குள் கரியடுப்பையோ சமையல் அடுப்பையோ குளிர்காயப் பற்றவைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே விடை, நெருப்பையும் மனிதர் மூச்சுவிடும் காற்றையும் பிரிப்பது. மியூனிக்கில் 1949இல் வாயு விளக்குகள் செய்யத் தொடங்கிய ட்ரூமா நிறுவனம், 1961இல் ‘ட்ரூமாட்டிக்’ என்ற கேரவன் வெப்பமூட்டிக்கு ஜெர்மனியில் அதிகாரபூர்வ ஒப்புதல் பெற்றது. இவ்வகைக் கருவிகள் வளர்ந்து அடைந்த அமைப்பில், எரிவதற்கான காற்று வெளியிலிருந்து குழாய் வழியே வருகிறது. புகையும் நீராவியும் குழாய் வழியே வெளியே போகின்றன. வெப்பம் மட்டுமே உள்ளே தங்குகிறது. பனிக்கால வண்டியின் வரலாற்றில் இதையே திருப்புமுனை எனலாம்.

வாயுவிலும் வேற்றுமை

நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. நம் ஊர் வெயிலில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை சுமார் மைனஸ் 0.5 டிகிரி, புரொப்பேனுக்கு மைனஸ் 42 டிகிரி. கடுங்குளிரில் சிலிண்டருக்குள் பியூட்டேன் திரவமாகவே கிடக்கும். சிலிண்டர் கனக்கும், அடுப்போ எரியாது! ஆகவே குளிர்காலத்தில் புரொப்பேனே வேண்டும்.

நீர் உறைந்தால் சுமார் 9 விழுக்காடு பருக்கும். குழாய்களையும் தொட்டிகளையும் அது பிளந்துவிடும். இதைத் தடுக்கச் சில வண்டிகளில் இரட்டைத் தளம் அமைத்து, இடைவெளியில் தொட்டிகளை வைத்து, அங்கும் வெந்காற்றைச் செலுத்துகின்றனர்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஐரோப்பியத் தர விதி வீட்டுவண்டிகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. மூன்றாம் படியே குளிர்காலத்திற்குரியது. வெளியே மைனஸ் 15 டிகிரி குளிர் நிலவும்போது, நான்கு மணி நேரத்திற்குள் உள்ளே 20 டிகிரி வரவேண்டும். நீரும் தடையின்றிப் பாயவேண்டும். வெப்பக் கசிவு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேற்றுமைக்கு, 1.2 வாட்டுக்கு மேற்படலாகாது. கீழ்ப்படிகளில் 1.7 வாட் வரை இடமுண்டு.

இந்தச் சிறு வேற்றுமை என்ன செய்துவிடும் என்கிறீர்களா? கணக்கிட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் நீள வண்டியின் மேற்பரப்பு சுமார் 60 சதுர மீட்டர். உள்ளுக்கும் வெளிக்கும் வேற்றுமை 35 டிகிரி. 1.2 வாட் என்றால் மொத்தக் கசிவு 2,520 வாட்; 1.7 என்றால் 3,570 வாட். வெப்பமூட்டியில் வீணாவது எதுவுமில்லை என்று கொண்டாலும், 11 கிலோ புரொப்பேன் சிலிண்டர் முதல் வண்டிக்கு ஏறத்தாழ 56 மணி நேரம் வரும். இரண்டாவதற்கு 40 மணி நேரம்கூட வராது. பனிப்புயலில் சாலை மூடப்பட்டு, ஒரே இடத்தில் சிக்கிக்கொண்ட குடும்பத்திற்கு இந்த 16 மணி நேரம் சிறிதா?

ஆகவே வாங்குவோர் படுக்கையின் மெத்தையையும் அலமாரியின் பளபளப்பையும் கடைசியில் பார்க்கலாம். வெப்பம் எவ்வழியே தப்புகிறது, புகை எவ்வழியே போகிறது, நீர் எங்கே உறையும் என்ற மூன்றையும் முதலில் கேட்கவேண்டும். ஓட்டுநர் இருக்கைப் பக்கத்து ஒற்றைக் கண்ணாடிக்கு இரவில் தடித்த போர்வை உண்டா என்றும் பார்க்கவேண்டும். கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவியின் விலை, வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் தூசு. அது இல்லாத வண்டி எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும், குழந்தைகளை அதில் உறங்கவைக்கலாகாது.