கடல் பார்க்காதவர்களின் கொள்ளைக் கப்பல்

என் அம்மாயி கடைசிவரை கடலைப் பார்க்கவில்லை. கெங்கவல்லியில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். மழைக்காலத்தில் சுவேத நதியில் சில நாட்கள் புரண்டோடும் செந்நீர்தான் அவர் பார்த்த பெரிய தண்ணீர். ஆனால் கொள்ளைக் கப்பலைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். வாசலில் குச்சிக்கிழங்கைக் குவித்து வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களோடு தோல் சீவியபடி ‘ஆயிரத்தில் ஒருவன்’ கதையைச் சொல்வார். புயலடிக்கும், பாய்மரம் கிழியும், ஆண்கள் எல்லாரும் திகைத்து நிற்பார்கள். அப்போது பூங்கொடி இடுப்பில் வாளோடு வந்து சுக்கானைப் பிடிப்பாள். “ஏய், பாயை இறக்குங்கடா!” என்று அதட்டுவாள். இந்த இடம் வந்ததும் அம்மாயியின் கையிலிருக்கும் கத்தி ஒரு நொடி நிற்கும்.

2014ஆம் ஆண்டு அந்தப் படம் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்தபோது சேலத்தில் பார்த்தேன். பூங்கொடி சுக்கானைப் பிடிக்கும் காட்சிக்காகப் படம் முடியும்வரை காத்திருந்தேன். அப்படியொரு காட்சியே இல்லை. ஊருக்குப் போய் அம்மாயியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “இல்லையா? போவுது உடு கண்ணு. இருந்திருக்கோணுமில்ல?” என்றார்.

அந்தப் பதிலிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. வாள்சண்டைப் படங்களையும் கொள்ளைக்காரர் படங்களையும் நம் திரை வரலாறு பொழுதுபோக்கு என்று ஒதுக்கும்; இல்லையென்றால் கதாநாயகன் எப்படித் தலைவனானான் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும். தரையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்த பெண்கள் எதை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள் என்று அது கேட்பதில்லை.

அம்மாயி படம் பார்த்தது டெண்டுக் கொட்டாயில். கீற்றுக் கூரை, மணல் தரை, பின்னால் சில பெஞ்சுகள். நடுவில் இடுப்பளவு தடுப்பு. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். ஒரே ஒரு புரொஜெக்டர்தான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. பெரிய ஊர்களில் ஓடி முடித்த பிறகே பிரதி இங்கே வரும். அதற்குள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுச் சில காட்சிகள் பாதியில் அறுந்திருக்கும். வாள் ஓங்கியவன் அடுத்த நொடி அரண்மனையில் விருந்து சாப்பிடுவான். நடுவில் என்ன நடந்தது என்பதை அந்த இடைவேளைகளில் பெண்கள் தங்களுக்குள் பேசிச் சரிசெய்துகொள்வார்களாம். அம்மாயி கதைகட்டப் பழகியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலை அரங்கம் திரையரங்குதான் என்று கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். சாதி பார்த்து இடம் ஒதுக்கிய சமூகத்தில் காசு பார்த்து இடம் கொடுத்தது பெரிய மாற்றம்தான். ஆனால் பெண்களைப் பொறுத்தவரை கூரைக்கு முன்பே ஒரு வாசற்படி இருந்தது. அதைத் தாண்ட மாமியாரின் சம்மதம் வேண்டும், புருஷனின் சம்மதம் வேண்டும், அடுப்பு வேலை முடிந்திருக்க வேண்டும், கூடவர நான்கு பெண்கள் வேண்டும். கேட்காமல் படத்துக்குப் போன ஒரு இரவில் அம்மாயி வாசலிலேயே அடிவாங்கினார். “அடி வலிச்சுது. ஆனா படம் பாத்தது பாத்ததுதானே” என்பார். இரண்டு மாதத்துக்கு ஒரு படம். அதை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்ட வேண்டும்.

அந்தப் படங்களில் பல எங்கள் மாவட்டத்திலேயே தயாரானவை. டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், சேலத்தில் ஏற்காடு மலையடிவாரத்தில் இருந்தது. இன்று அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. படம் எடுப்பதை ஆலைபோல நடத்திய நிறுவனம் அது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேபரட்டரி எல்லாம் ஒரே வளாகத்தில். நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மாதச் சம்பளம். சொன்ன நாளில், சொன்ன செலவில் படம் முடிய வேண்டும். நூறு படங்களுக்கு மேல் அங்கிருந்து வந்தன. அவற்றில் மு. கருணாநிதி வசனம் எழுதினார், எம்.ஜி.ஆர். நடித்தார் என்பதால் பிற்கால முதலமைச்சர்களை உருவாக்கிய இடமென்று அது கொண்டாடப்படுகிறது. அது தவறில்லை. ஆனால் என் அம்மாயிக்கு அந்த இடத்தின் பெருமை வேறு.

1950இல் வந்த ‘மந்திரி குமாரி’யை எடுத்துக்கொள்வோம். ராஜகுருவின் மகன் பார்த்திபன் இரகசியமாகக் கொள்ளையடிப்பவன். அவனை மணந்த அமுதவல்லியாக நடித்தவர் மாதுரி தேவி. அவளைக் கொல்வதற்காக அவன் மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். சாகும் முன் கணவனை மூன்று முறை வலம்வர வேண்டும் என்று அவள் கேட்கிறாள். பதிவிரதையின் கடைசி ஆசை என்று நம்பி அவன் நிற்கிறான். பின்புறம் வந்தவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். கணவனை வலம்வரும் சடங்கே அவள் உயிரைக் காக்கும் தந்திரமாகிறது.

இது குண்டலகேசியின் கதை. அந்தப் பெயரிலான தமிழ்க் காப்பியத்தின் பெரும்பகுதி நமக்குக் கிடைக்கவில்லை. பௌத்தக் கதை மரபில் அவள் பத்தா குண்டலகேசி. கணவனைத் தள்ளிய பின் துறவியாகி, வாதத்தில் வெல்பவள். பௌத்தப் பெண்துறவிகளின் பாடல்கள் கொண்ட தேரிகாதையில் அவள் பெயரிலும் பாடல்கள் உள்ளன. சுவடியில் பெரும்பாலும் அழிந்துபோன ஒருத்தி, கொள்ளைக்காரன் கதையாக உருமாறி எங்கள் டெண்டுக் கொட்டாய் வரை வந்து சேர்ந்தாள். இலக்கிய வகுப்பில் குண்டலகேசியைப் படித்து அம்மாயியிடம் சொன்னபோது, “அவள எனக்குத் தெரியுமே” என்றார்.

வாளேந்திய பெண் அதற்கு முன்பே திரைக்கு வந்துவிட்டாள். 1935இல் பம்பாயில் வாடியா மூவிடோன் எடுத்த ‘ஹன்டர்வாலி’யில், ஆஸ்திரேலியாவில் பிறந்த மேரி ஆன் இவான்ஸ் ‘பயமறியா நாடியா’வாகச் சாட்டையைச் சுழற்றினார். 1937இல் கே. அமர்நாத் இயக்கிய ‘மின்னல்கொடி’யில் கே.டி. ருக்மணி முகமூடியணிந்து சண்டையிட்டார். 1953இல் பி. பானுமதி ‘சண்டிராணி’யை மூன்று மொழிகளில் தாமே இயக்கி, அதில் இரட்டை வேடமும் ஏற்றார். மூன்றாண்டு கழித்து மாடர்ன் தியேட்டர்ஸின் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் மார்ஜியானாவாக வந்தவரும் அவர்தான். அலிபாபாவின் அரபுக் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: குகையைக் கண்டுபிடிப்பது அலிபாபா; திருடர்களிடமிருந்து அவனைக் காப்பாற்றுவது அடிமைப் பெண் மார்ஜியானா.

இந்தப் படங்களைப் பெண்விடுதலைப் படங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பாலானவற்றில் பெண்ணின் கையில் வாள் பத்து நிமிடம் இருக்கும். பிறகு நாயகன் வாங்கிக்கொள்வான். கடைசியில் கல்யாணம். ‘ஆயிரத்தில் ஒருவ’னே இதற்குச் சான்று. 1965இல் பி.ஆர். பந்துலு இயக்கிய அந்தப் படம், ரஃபேல் சபாட்டினியின் நாவலிலிருந்து 1935இல் ஹாலிவுட் எடுத்த ‘கேப்டன் பிளட்’டின் சாயலில் அமைந்தது. கலகக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவன் அடிமையாக நாடுகடத்தப்பட்டுக் கொள்ளைக்காரனாகும் கதை. ஆங்கிலப் படத்தில் நாயகி அராபெல்லா அடிமைச் சந்தையில் நாயகனை விலைக்கு வாங்குகிறாள். பின்பு கொள்ளையரிடம் சிக்கிய அவளை அவன் விலைக்கு வாங்குகிறான். கணக்கு சரியானதுபோலத் தோன்றும். ஆனால் கப்பலின் சுக்கான் மட்டும் அவள் கைக்கு வருவதே இல்லை.

உண்மையான கடலில் நடந்தது வேறு. 1720இல் ஜமைக்காவில் ஆன் போனி, மேரி ரீட் என்ற இரு பெண்கள் கடற்கொள்ளைக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டார்கள். கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னதால் அவர்களின் தூக்குத் தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. தென்சீனக் கடலில் 1807இல் கணவன் இறந்தபின் பெரும் கொள்ளைக் கப்பற்படையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தாள் ஷெங் யி சாவ். 1810இல் அரசோடு பேரம்பேசிச் சரணடைந்து, முதுமைவரை வாழ்ந்து இறந்தாள். அம்மாயி இட்டுக்கட்டிய பூங்கொடி, திரையில் வந்த பூங்கொடியைவிட வரலாற்றுக்கு நெருக்கமானவள்.

இந்த வகைப் படங்களின் எளிய இன்பம் எங்கிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். அட்டையில் செய்த பாறை, காற்றில் ஆடும் அரண்மனைச் சுவர், தொட்டித் தண்ணீரில் மிதக்கும் பொம்மைக் கப்பல். ‘கேப்டன் பிளட்’கூடக் கடற்போருக்குச் சிறு மாதிரிக் கப்பல்களையும் பழைய ஊமைப்படக் காட்சிகளையும் சேர்த்துத்தான் ஒப்பேற்றியது. எல்லாவற்றையும் பணம் கொட்டிக் காட்டிவிட முடியாத படம், மீதியை நீயே நினைத்துக்கொள் என்று பார்ப்பவளிடம் விட்டுவிடுகிறது. ரீல் அறுந்த பிரதி இன்னும் கொஞ்சம் விட்டுவிடுகிறது. அந்த இடத்தில்தான் அம்மாயி தன் பூங்கொடியை நிற்க வைத்தார்.

அது ஒரு வாழ்க்கையை மாற்றிவிடவில்லை. அவர் வாங்கிய அடி குறையவில்லை. கிழங்கு சீவிய கூலி உயரவில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த என் அம்மா, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தச் சொன்னபோது மூன்று நாள் சோறு உண்ணாமல் கிடந்து பள்ளிக்கூடம் போனார். கதைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று ஒருமுறை கேட்டேன். “அதெல்லாம் தெரியாது. ஆனா பூங்கொடி பாயை இறக்கச் சொல்ற எடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றார்.

அவரும் படத்தைப் பார்த்தவர்தான். அந்தக் காட்சி அதில் இல்லை என்பதை இன்றுவரை அவர் ஒப்புக்கொள்வதில்லை.