மென்ட்மோர் மாளிகை: கைநழுவிப் போன புதையல்

இந்த முறை ஒரு வீட்டைப் பற்றிய கதை. வீடு என்பதைவிட, அதற்குள் இருந்த மேஜை, நாற்காலி, பீங்கான், வெள்ளிச் சாமான்களின் கதை என்பதே சரி.

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் மென்ட்மோர் என்ற மாளிகை இருக்கிறது. 1850களில் மேயர் டி ராத்ஸ்சைல்டு என்ற வங்கிக் குடும்பத்துப் பிரபு கட்டியது. வடிவமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். 1851ல் லண்டன் கண்காட்சிக்காகக் கண்ணாடி மாளிகை கட்டினாரே, அவரேதான்!

மேயர் உள்ளே நிரப்பியவை என்ன தெரியுமா? பிரெஞ்சு மரச்சாமான்கள், செவ்ரே பீங்கான், ஜெர்மன் வெள்ளி வேலைப்பாடுகள், லிமோஜ் எனாமல் தட்டுகள். இங்கே ஒரு பின்கதை உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1793-94ல் வெர்சாய் அரண்மனைச் சாமான்களைப் புதிய அரசு ஏலம் போட்டது. 17,000க்கும் அதிகமான தொகுதிகள்! பிரபுக்களின் வீட்டுப் பொருட்களும் இப்படியே சிதறின. 19ம் நூற்றாண்டில் இத்தகைய பிரெஞ்சுப் பொருட்களை இங்கிலாந்துப் பணக்காரர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். ராத்ஸ்சைல்டு குடும்பம் அதில் முன்வரிசை.

மேயருக்குப் பின் வீடு ஒரே மகள் ஹன்னாவுக்கு வந்தது. 1878ல் அவர் ரோஸ்பெரி பிரபுவை மணந்தார். அந்த ரோஸ்பெரிதான் 1894-95ல் பிரிட்டனின் பிரதமர்.

இனிதான் விஷயமே. 1974ல் ஆறாவது ரோஸ்பெரி பிரபு இறந்ததும் பெரிய வாரிசு வரி வந்து நின்றது. குடும்பம் வீட்டையும் சாமான்களையும் சேர்த்து 20 லட்சம் பவுண்டுக்கு அரசிடம் தர முன்வந்தது. இத்தனைக்கும், போரில் இறந்தவர்கள் நினைவாக 1946ல் 5 கோடி பவுண்டில் தொடங்கிய தேசிய நில நிதி என்று ஒன்று இருந்தது. 1957ல் அதைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள், அது வேறு. ஆனாலும் பணம் இல்லாமல் இல்லை. அரசு வேண்டாம் என்றது.

1977 மே மாதம் ஏலம். பத்து நாட்களில் கிடைத்தது 60 லட்சம் பவுண்டுக்கு மேல்! வேறொருவர் வரைந்ததாக நினைத்து 8,000 பவுண்டுக்கு விற்ற ஓர் ஓவியம், பிரகோனார் வரைந்தது என்று பிறகு தெரிந்தது. மறு வருடமே லண்டன் தேசிய ஓவியக்கூடம் பல மடங்கு விலை கொடுத்து அதை வாங்கியது. சாக்சனி ஆட்சியாளர் மூன்றாம் அகஸ்டசுக்காகச் செய்த எழுதுமேஜை அலமாரி போன்ற சில மட்டும் தப்பின. அது இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலியான மாளிகையை 1978ல் வாங்கியது யார் தெரியுமா? நம் மகரிஷி மகேஷ் யோகியின் இயக்கம்!

ஒரு பிரபுவின் ஆடம்பரத்துக்கு மக்கள் பணமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நாற்காலியைப் பணம் இருந்தால் திரும்ப வாங்கிவிடலாம். அது எந்த அறையில், எந்தப் பீங்கானுக்குப் பக்கத்தில், யார் ரசனையில் நின்றது என்பதைத் திரும்ப வாங்க முடியாது. அந்த முழுமைதான் 1977ல் போனது. எழுந்த கண்டனத்தின் விளைவாக 1980ல் தேசிய மரபு நினைவு நிதி என்ற புதிய அமைப்பு பிறந்தது. அது பிறகு பல வீடுகளைக் காப்பாற்றியது.

ஏலத்தில் சிதறியதைச் சேர்த்துக் கட்டிய வீடு, ஏலத்திலேயே மறுபடி சிதறியது. நம் ஊரில் பழைய வீடுகள் இடிபடும்போது கதவும் தூணும் தனித்தனியாக விலைபோவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.