பிரவுன் எஸ்கே 4

எஸ்கே 4 என்பது ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் 1956-ஆம் ஆண்டு வெளியிட்ட, வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் இணைந்த வீட்டுச் சாதனம் ஆகும். நுகர்வோர் மின்னணுப் பொருள்களில் எளிமை வடிவமைப்பு வளர்ந்த வரலாற்றில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

பின்னணி

அக்கால வானொலிப் பெட்டிகள் பல, மெருகேற்றிய மரமும் பொன்னிறப் பட்டைகளும் கொண்டு, அறைகலன்களைப் போலவே செய்யப்பட்டன. 1921-இல் மாக்ஸ் பிரவுன் தொடங்கிய நிறுவனம், 1951-இல் அவர் மறைந்தபின் அவருடைய மகன்களான ஆர்தூர், எர்வின் ஆகியோரின் பொறுப்பில் வந்தது. அவர்கள் புதிய வடிவம் வேண்டி உல்ம் நகர வடிவமைப்புக் கல்லூரியின் உதவியை நாடினர்.

வடிவமைப்பு

அக்கல்லூரி ஆசிரியர் ஹான்ஸ் குகெலோட்டும், 1955-இல் பிரவுனில் சேர்ந்த டீட்டர் ராம்ஸும் இக்கருவியை உருவாக்கினர். வெள்ளை உலோக உடல், இருபுறமும் எல்ம் மரப்பலகை, மேற்புறத்தில் குமிழ்கள் என அமைப்பு எளிமையாக இருந்தது. முதலில் திட்டமிட்ட உலோக மூடி ஒலியால் அதிர்ந்தது. ஆகவே ஒளிபுகும் அக்ரிலிக் மூடி பொருத்தப்பட்டது. கண்ணாடிப் பேழையில் கிடத்தப்பட்ட தேவதைக்கதை இளவரசியை நினைவூட்டியதால், இது 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்று கேலிப்பெயர் பெற்றது.

வாங்குவோரை ஈர்த்த காரணங்கள்

இதில் அலங்காரம் குறைந்ததே தவிர, பயன் குறையவில்லை. கருவி இயங்குவது மூடியின் வழியே தெரிந்தது. எந்தக் குமிழ் எதற்கு என்பது பார்த்த அளவில் விளங்கியது. போருக்குப் பின் கட்டப்பட்ட சிறிய வீடுகளின் எளிய அறைகலன்களோடும் இது பொருந்தி நின்றது.

தாக்கமும் விவாதமும்

ராம்ஸ் 1961 முதல் 1995 வரை பிரவுனின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். அவருடைய 1958-ஆம் ஆண்டு டி3 சிறு வானொலிக்கும் 2001-இல் ஆப்பிள் வெளியிட்ட ஐபாடுக்கும் உள்ள தோற்ற ஒற்றுமை பலராலும் சுட்டப்படுகிறது.

ஆயினும் எளிய தோற்றமும் எளிய பயன்பாடும் ஒன்றல்ல. திருகாணி தெரியாத ஐபாடின் வழவழப்பான உடல் வாங்குவோரைக் கவர்ந்தது. ஆனால் அதன் மின்கலம் தேய்ந்தால், பயனர் எளிதில் திறந்து மாற்ற இயலாது. நல்ல வடிவமைப்புக்கு ராம்ஸ் வகுத்த 10 நெறிகளில் நீடித்து உழைப்பதும் சுற்றுச்சூழலைக் காப்பதும் அடங்கும். அந்த அளவுகோலின்படி, ஒரு பொருளின் எளிமையை மதிப்பிட அதன் வெளித்தோற்றம் மட்டும் போதாது. அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும், பழுதானால் சரிசெய்ய முடியுமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.