பென்ஷன் பெற்ற கிரெடிட்

அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரிடம் அடிக்கடி எழும் கேள்வி இது: ‘கன்ஸ்யூமர் மேத்’ படித்தால், உயர்நிலைப் பள்ளி முடிக்கத் தேவையான கணக்குக் கிரெடிட்டில் சேருமா? சம்பளச் சீட்டு, வரிப் படிவம், இன்சூரன்ஸ், வீட்டுக்கடன் வட்டி என்று அன்றாடப் பணக் கணக்கைக் கற்றுத்தரும் பாடம் அது. சேருமா சேராதா என்ற குழப்பத்துக்குக் காரணம், கிரெடிட் நாடெங்கும் வேரூன்றியதே பேராசிரியர்களின் பென்ஷனால்தான் என்பது.

1905இல் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்கு ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். அதற்காக அமைந்த அறக்கட்டளையின் தலைவராக எம்.ஐ.டி.யை நடத்திவந்த ஹென்றி பிரிட்செட் வந்தார். பணம் கல்லூரிகளுக்கு. ஆனால் எது கல்லூரி? பள்ளிப் பாடத்தை நடத்திக்கொண்டே கல்லூரி என்று போர்டு மாட்டியவையும் அன்று இருந்தன. ஆகவே நிபந்தனைகள் வந்தன: குறைந்தது ஆறு பேராசிரியர்கள் இருக்க வேண்டும், சேர வருகிறவர் நான்காண்டு உயர்நிலைப் பள்ளி படித்திருக்க வேண்டும். அந்த நான்காண்டை 14 அலகுகளாக எண்ணினார்கள். ஒரு பாடத்தை ஓராண்டு, சுமார் 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு. பென்ஷனுக்காகக் கல்லூரிகள் தலையாட்டின, கல்லூரிகளுக்காகப் பள்ளிகள். கார்னகியின் பணம் பென்ஷனுக்குப் போதவில்லை. அலகு மட்டும் நிலைத்துவிட்டது, இன்றைய கிரெடிட்டாக.

அந்த அலகு நேரத்தை அளந்தது, அறிவை அல்ல. எந்தப் பாடத்தை அளப்பது என்பதில் தனிச் சண்டை. 1893இல் ஹார்வர்டின் சார்லஸ் எலியட் தலைமையிலான பத்துப் பேர் குழு, கல்லூரிக்குப் போகிறவர், போகாதவர் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் ஒரே தரத்தில் பாடம் வேண்டும் என்றது. பிறகு பள்ளிகளில் கூட்டம் பெருக, அல்ஜீப்ராவுக்குப் பக்கத்திலேயே கடைக் கணக்கும் வந்து உட்கார்ந்தது, பெரும்பாலும் கல்லூரிக்குப் போகமாட்டார் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்காக. அந்த முத்திரைதான் பாடத்தின் பெயரைக் கெடுத்தது என்பேன். பாடத்தின் மேல் குறையில்லை.

அந்தப் பாடத்தில் வருகிற மாதிரி ஒரு கணக்கைப் பாருங்கள்: இரண்டு லட்சம் டாலர் வீட்டுக்கடன், 6% வட்டி, 30 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 1,199 டாலர். முதல் மாதம் அதில் 1,000 டாலர் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 199. கடன் தீரும்போது கட்டியிருப்பது 4,31,000 டாலருக்கு மேல். இதைக் கையால் போட்டுப் பார்க்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு வங்கி விளம்பரம் இனி வேறு மாதிரித்தான் தெரியும். தவணை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் அடுக்குக்குறியும் அல்ஜீப்ராவும் வேண்டும்.

இனி பெற்றோரின் கேள்விக்கு வருவோம். வீட்டுக்கல்வி 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் சட்டபூர்வமாகிவிட்டது. பல மாநிலங்களில் மதிப்பெண் பட்டியலும் டிப்ளமாவும் கொடுப்பது பெற்றோரே. டெக்சஸில் 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுப் பள்ளியைத் தனியார் பள்ளியாக ஏற்றது. கணக்கு கற்பிக்க வேண்டும் என்பதோடு சரி, எந்தக் கணக்கு என்ற கட்டாயம் இல்லை. அங்கே கன்ஸ்யூமர் மேத்துக்கு ஒரு கிரெடிட் என்று அம்மா எழுதினால் அது கிரெடிட்தான்.

வாசலைத் தாண்டினால் கதை மாறும். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ., அல்ஜீப்ரா 1 அல்லது அதற்கு மேற்பட்டதை மட்டுமே கணக்குப் பாடமாக எடுத்துக்கொள்ளும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அல்ஜீப்ராவும் ஜியோமெட்ரியும் அடங்கிய மூன்றாண்டுக் கணக்கைக் கேட்கும். அதனால் கல்லூரி எண்ணமுள்ள வீடுகளில் அவற்றை முதலில் முடித்துவிட்டு, கன்ஸ்யூமர் மேத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் நான்காவது கணக்காகவோ விருப்பப் பாடமாகவோ போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

அரசுப் பள்ளிகளோ இப்போது எதிர்த்திசையில் நகர்கின்றன. ஃபுளோரிடா 2022இல் சட்டம் போட்டு, தனிநபர் நிதி பற்றிய அரை கிரெடிட்டைக் கட்டாயமாக்கியது. அதற்கும் இடம் கொடுத்தது கணக்குக்கான 4 கிரெடிட்டுக்கு வெளியேதான்.